கொம்பு நாலு இருந்தால் போதுமா? "ரூட்டர்" வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு!

தாம்பரம்,

ஆபீஸ் விட்டு, மின்சார ரெயிலில் இடிபட்டு வீடு வந்து சேர்ந்து, கம்ப்யூட்டரைப் போட்டு இரண்டு பாட்டு கேட்கலாம் என்று உட்கார்ந்தால், பல்லவி முடிவதற்குள் பாட்டு நின்று விடுகிறது. தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் பல வீடுகளில் இந்தக் கதைதான்.

"பெரிய ரூட்டரா வாங்கிட்டா சரியாப் போயிடும்" என்று உடனே ரிச்சி தெருவுக்குக் கிளம்பி விடுகிறார்கள். "அண்ணே, கொம்பு நாலு வச்சதா குடுங்க" என்று கேட்டு வாங்கி வருகிறார்கள். ஆயிரக்கணக்கில் பணம் போகிறது. வீட்டில் கொண்டு வந்து மாட்டினால், பாட்டு பழையபடி நிற்கிறது!

கோளாறு எங்கே? எதைப் பார்த்து வாங்க வேண்டும்? விவரம் வருமாறு:-

பாட்டுக்கு வேகம் எவ்வளவு?

பாட்டு கேட்க மின்னல் வேகம் தேவை என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் உண்மை தெரியும்.

நல்ல தரமான எம்.பி.3 பாட்டுக்கு வினாடிக்கு 320 கிலோபிட் போதும். சி.டி. தட்டில் உள்ள தரத்தில், ஒரு துளியும் குறையாமல் கேட்க வேண்டுமானால் 1,411 கிலோபிட். அதாவது ஒன்றரை "மெகாபிட்" கூட இல்லை.

மாதக் கட்டணத்தில் 50, 100 மெகாபிட் லைன் வாங்கி வைத்திருப்பவர் வீட்டில் ஒன்றரை மெகாபிட் பாட்டு நிற்கிறது என்றால், குறை லைனில் இருக்க வாய்ப்பு குறைவு. பெட்டியில் இருந்து பாட்டுப் பெட்டி வரைக்கும் உள்ள நாலு சுவருக்குள்தான் கோளாறு இருக்க வேண்டும்.

காற்றிலும் நெரிசல்

வை-பை என்பது ரேடியோ அலை. வீட்டு ரூட்டர்கள் பெரும்பாலும் இரண்டு பாதைகளில் ஓடுகின்றன. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். இன்னொன்று 5 கிகாஹெர்ட்ஸ்.

2.4 என்பது மாலை நேரத்து ஜி.எஸ்.டி. சாலை மாதிரி. எல்லாரும் அதில்தான் வருவார்கள். அதில் ஒன்றோடு ஒன்று மோதாத "சேனல்" மூன்றே மூன்றுதான்: 1, 6, 11. ஒரு அடுக்கு மாடிக் கட்டடத்தில் 20 வீடு இருந்தால், 20 பெட்டிகளும் இந்த மூன்றுக்குள்தான் முட்டி மோத வேண்டும். போதாததற்கு புளூடூத் கருவிகளும், சமையல் அறை மைக்ரோவேவ் அடுப்பும் அதே பாதையில் குறுக்கே வருகின்றன. பக்கத்து வீட்டில் சோறு சூடு பண்ணினால் இங்கே பாட்டு திக்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

5 என்பது தாம்பரம்-மதுரவாயல் பைபாஸ் மாதிரி. அகலம் அதிகம், வேகம் அதிகம், நெரிசல் குறைவு. ஆனால் தெருவுக்குள் வராது! அதாவது சுவரைத் தாண்டினால் வலு சட்டென்று குறைந்து விடும். இந்தியாவில் 2018 அக்டோபரில்தான் இந்தப் பாதையில் பெரும் பகுதி லைசென்சு இல்லாமல் பயன்படுத்த மத்திய அரசு திறந்து விட்டது.

ஆகவே இரண்டு பாதையும் உள்ள "டூயல் பேண்டு" பெட்டியாக வாங்குவதே புத்திசாலித்தனம். ஒரே பாதை உள்ள பெட்டி விலை குறைவு என்று வாங்கினால், கடைசியில் நெரிசலில்தான் நிற்க வேண்டும்.

பீரோவும் எதிரிதான்

பல வீடுகளில் ரூட்டரை இரும்பு பீரோ மேல் ஏற்றி வைத்திருப்பார்கள். அல்லது டி.வி.க்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பார்கள். இரும்பு, கண்ணாடியின் பின்னால் உள்ள பூச்சு, தண்ணீர்த் தொட்டி, கம்பி கட்டிய கான்கிரீட் ஆகிய எல்லாமே அலையைத் தடுப்பவை.

பெட்டியை வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வைக்க வேண்டும். புதுப் பெட்டி வாங்கும் முன் இந்த வைத்தியத்தைச் செய்து பாருங்கள். செலவு இல்லாத வைத்தியம்!

ஒரே பாட்டு, இரண்டு பயணம்

கம்ப்யூட்டரில் பாட்டுகளைச் சேர்த்து வைத்து, அதை இன்னொரு அறையில் உள்ள ஸ்பீக்கரில் கேட்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். கம்ப்யூட்டரும் வை-பை, ஸ்பீக்கரும் வை-பை என்றால், அந்தப் பாட்டு கம்ப்யூட்டரில் இருந்து ரூட்டருக்கு ஒரு தடவை, ரூட்டரில் இருந்து ஸ்பீக்கருக்கு ஒரு தடவை என்று காற்றில் இரண்டு முறை பயணம் செய்கிறது.

இதற்குப் பரிகாரம் பழைய ஒயர்தான். இடம் விட்டு நகராத கம்ப்யூட்டருக்கு எதற்குக் காற்று வழி? "கேட் 5இ" ஒயர் ஒன்றை இழுத்து ரூட்டரில் சொருகி விட்டால், பாதிச் சுமை குறைந்து விடும். இந்த ஒயர் 100 மீட்டர் தூரம் வரை வினாடிக்கு 1,000 மெகாபிட் கடத்தும். எந்த வீட்டுக்கும் அது தாராளம்.

"1200" என்றால் என்ன?

அட்டைப் பெட்டி மேல் "ஏ.சி.1200" என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். 1200 வேகம் கிடைக்கும் என்று யாரும் ஏமாற வேண்டாம். 2.4 பாதையின் 300, 5 பாதையின் 867 ஆகிய இரண்டையும் கூட்டி, முழு எண்ணாக்கிய கணக்கு அது. அதுவும் ஏட்டுக் கணக்கு. ஒரு கருவி ஒரு நேரத்தில் ஒரு பாதையில்தான் ஓடும்.

பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். ஒயர் சொருகும் துளைகள் "ஜிகாபிட்" வகையா, 100 மெகாபிட் வகையா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். 1200 என்று எழுதிய மலிவுப் பெட்டிகள் பலவற்றில் துளை 100 வகைதான். 200 மெகாபிட் லைன் எடுத்தவர் அதை வாங்கினால், மாதா மாதம் பாதிப் பணம் தண்டம்!

இருக்கிற பெட்டியை என்ன செய்வது?

கண்ணாடி இழை லைன் கொடுக்கும் கம்பெனி, தானே ஒரு பெட்டி மாட்டி விட்டுப் போகும். அதிலேயே வை-பை இருக்கும். அது டூயல் பேண்டு பெட்டியா என்று முதலில் விசாரியுங்கள். ஆமாம் என்றால், வேறு பெட்டி தேவைப்படாமலே போகலாம்.

பெரிய வீடு, மாடி வீடு என்றால் இரண்டாவது பெட்டி வேண்டி வரும். அதை முதல் பெட்டியோடு ஒயரில் இணைத்து, "ஆக்சஸ் பாயிண்டு" முறையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் வீட்டுக்குள் இரண்டு தனித்தனி வலைகள் ஆகிவிடும். கீழே உள்ள கம்ப்யூட்டரை மாடியில் உள்ள ஸ்பீக்கர் கண்டுபிடிக்க முடியாமல் திண்டாடும்.

கரண்டு போனால்?

ரூட்டர்களில் பல 12 வோல்ட்டில் ஓடுபவை. அதற்கென்று சின்ன யு.பி.எஸ். விற்கிறார்கள். அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட், ஆம்பியர் இரண்டையும் குறித்துக் கொண்டு போய் அதற்குப் பொருந்தியதையே வாங்க வேண்டும். கம்பெனி வைத்த பெட்டிக்கும், இரண்டாவது பெட்டிக்கும் சேர்த்து மின்சாரம் வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

முடிச்சூர், வரதராஜபுரம் பகுதி மக்கள் 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பர் "மிச்சாங்" புயலையும் மறந்திருக்க மாட்டார்கள். தரைத் தளத்தில் இருப்பவர்கள் பெட்டியையும் பிளக்கையும் சுவரில் உயரமாக மாட்டுவது நல்லது.

போலீஸ் வந்த வீடு

எல்லாவற்றையும் விட முக்கியமானது பூட்டு.

2008 ஜூலை 26-ந்தேதி ஆமதாபாத்தில் தொடர் குண்டு வெடிப்புகள் நடந்தன. 50-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். குண்டு வெடிக்கும் சற்று முன்பு பத்திரிகை, டி.வி. நிறுவனங்களுக்கு மிரட்டல் இ-மெயில் வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று துப்புத் துலக்கிய போலீசார், நவி மும்பையில் ஒரு அமெரிக்கர் குடியிருந்த வீட்டுக்குப் போய் நின்றார்கள். அவரது கம்ப்யூட்டர்களைக் கைப்பற்றினார்கள். துருவித் துருவி விசாரித்தார்கள்.

அவர் செய்த தவறு என்ன? வை-பைக்குப் பூட்டு போடாததுதான். யாரோ வெளியில் இருந்தபடி அவரது வை-பையில் நுழைந்து இ-மெயிலை அனுப்பி விட்டார்கள்! அடுத்த இரண்டு மாதங்களில் மும்பையில் ஒரு கல்லூரியின் வை-பையும், ஒரு கம்பெனியின் வை-பையும் இதே மாதிரி பயன்படுத்தப்பட்டன. அதன் பிறகு 2009-ல், வை-பை இணைப்புகளைப் பாதுகாப்பாக வைக்க மத்திய தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது.

தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டால் தண்ணீர்தான் போகும். வை-பையைத் திறந்து விட்டால் மானம் போகும்.

எனவே "டபிள்யூ.பி.ஏ.2" அல்லது "டபிள்யூ.பி.ஏ.3" வகைப் பூட்டு உள்ள பெட்டியாக வாங்க வேண்டும். "டபிள்யூ.இ.பி." என்ற பழைய வகையை 2001-லேயே உடைத்து விட்டார்கள், அதை நம்பக் கூடாது. வீட்டு போன் நம்பர், பிள்ளை பெயர் ஆகியவற்றைப் பாஸ்வேர்டாக வைக்கக் கூடாது. வை-பைக்கு ஒரு பாஸ்வேர்டு, ரூட்டருக்குள் நுழைய இன்னொரு பாஸ்வேர்டு என்று இரண்டு உண்டு. இரண்டாவதைப் பலர் தொடுவதே இல்லை. அது "அட்மின்" என்றே கிடக்கிறது.

பெட்டியை மாட்ட வந்த ஆள் வைத்து விட்டுப் போன பாஸ்வேர்டுகள் இரண்டையும் அன்று இரவே மாற்றி விடுங்கள். பாட்டு மறுநாள் கேட்டுக் கொள்ளலாம்.