கதிர் படாமலே முறியும் இழை

எக்ஸ் கதிர்கள் உயிரணுவினுள் பாய்ந்தால் அதிலுள்ள டி.என்.ஏ. இழை அறுபடக்கூடும் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். எந்தக் கதிரும் படாமலே அதே முறிவு நேர்வதுண்டு. உணவில் சிறிதளவே வேண்டிய ஒரு பொருள் குறைந்தால் போதும்!

பம்பாயில் கர்ப்பிணிகளான மில் தொழிலாளப் பெண்களின் இரத்தசோகையை ஆராய்ந்தார் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. 1929இல் சில மாதங்கள், நம் ஆனைமலைக்கு வடக்கே குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் அவர் ஆராய்ச்சி நடத்தினார். ஈஸ்ட் சாறு நோயைத் தீர்ப்பதை 1931இல் வெளியிட்டார். சாற்றில் இருந்தது பி வைட்டமின்களுள் ஒன்றான ஃபோலிக் அமிலம். 1945இல் அதைச் செயற்கையாகத் தயாரித்த அமெரிக்க ஆய்வுக்கூடத்தை நடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ்.

இந்த அமிலத்துக்கும் டி.என்.ஏ.வுக்கும் என்ன உறவு? டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துக்களில் தைமின் ஒன்று. யுராசில் என்ற பொருளோடு ஒரு கார்பன் அணுவைச் சேர்த்தே உடல் அதைச் செய்கிறது. அந்தக் கார்பனைச் சுமந்துவரும் கூலியாள் ஃபோலிக் அமிலம். ஆள் வராவிட்டால் தைமினின் இடத்தில் யுராசில் உட்கார்ந்துவிடும். பழுதுபார்க்கும் நொதி அதை வெட்டியெடுக்கும்; நிரப்பத் தைமின் இல்லாததால் மறுபடி யுராசிலே வந்து சேரும். மீண்டும் வெட்டு! ஏணியின் இருபுறமும் அருகருகே வெட்டு விழுந்தால் ஏணியே இரண்டாகும். உயிரணு பிரியும்போது அந்தத் துண்டு பின்தங்கி, தனியே ஒரு குறு உட்கருவாக நிற்கும். கதிர்வீச்சுக்கு ஆளானவர்களின் இரத்தத்திலும் இதையேதான் எண்ணிப் பார்க்கிறார்கள்.

ஃபோலிக் அமிலம் திரும்பத் திரும்ப வேலை செய்யப் பி12 வைட்டமின் துணை வேண்டும். நாளொன்றுக்குச் சுமார் 2 மைக்ரோகிராம். கணக்குப் போட்டால் ஒரு கிராம் ஒருவருக்கு 1,300 ஆண்டுகளுக்கு மேல் வரும். ஆனால் முதுமையில் பலருக்கு இரைப்பை அமிலம் குறைவதால், உணவுப் புரதத்தோடு ஒட்டியுள்ள பி12 எளிதில் பிரிவதில்லை. 1990களில் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் ஃபெனெக் குழுவினர் முதிய ஆண்களைச் சோதித்தபோது, பி12 குறைவாக இருந்தவர்களிடம் குறு உட்கருக்கள் கூடுதலாக இருந்தன. இரண்டும் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் என்று முடிவு கட்டிவிடலாகாது. எனினும் மேலே சொன்ன வேதியியல் அதற்கு வலுச் சேர்க்கிறது.

கீரை, கொள்ளு, பச்சைப்பயறு ஆகியவற்றில் ஃபோலிக் அமிலம் உண்டு, பி12 இல்லை. அது பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில் கிடைக்கும். பி12 குறைந்த பாட்டிக்கு ஃபோலிக் மாத்திரை மட்டும் கொடுத்தால் சோகை மறையும், ஆனால் நரம்புச் சேதம் உள்ளே தொடரும். கால் மரத்துப்போகிறது என்பவருக்கு மருத்துவர் முதலில் பி12 அளவைச் சோதிக்கச் சொல்வது இதனால்தான்.