எஞ்சினியரா, டெக்னாலஜியா? பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

கடந்த மாதம் ஒரு மாலை, கடை பூட்டும் நேரத்தில் பழைய வியாபார நண்பர் ஒருவர் வந்தார். புடவை வியாபாரி. கையில் மகனின் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு. "நானா, நீங்க கரண்ட் சாமான் விக்கிற ஆள். மகன் எஞ்சினியரிங் டெக்னாலஜி பாஸ் பண்ணியிருக்கான். அப்ப எஞ்சினியர் ஆகலாம்தானே? ஒரு இடத்துல காசு கட்டினா டிகிரி குடுக்கிறாங்களாம்" என்றார்.

உடனே ஆம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பல வருடங்களுக்கு முன் இதே கேள்விக்கு யோசிக்காமல் ஆம் என்று சொன்னவன் நான். எனது தங்கையின் மகனுக்கு கடையின் கைமுதலிலிருந்து இரண்டு தவணையாகப் பணம் கட்டி, ஒரு தனியார் நிறுவனத்தில் மின் துறைப் படிப்பில் சேர்த்து விட்டேன். விளம்பரத் தாளில் 'எஞ்சினியரிங்' என்ற சொல் பெரிதாகவும் 'டெக்னாலஜி' என்ற சொல் சிறிதாகவும் இருந்ததை நான் கவனிக்கவில்லை. படித்து முடித்து வளைகுடாவுக்குப் போனான். கம்பனிக்கு அவனைப் பிடித்திருந்தது. ஆனால் அந்நாட்டுத் தொழில்சார் பதிவில் அவனைப் பொறியியலாளராக ஏற்கவில்லை. டெக்னீசியன் விசாவும் அதற்கேற்ற சம்பளமும்தான் கிடைத்தன. படிப்பில் குறையில்லை, பிள்ளையிலும் குறையில்லை. பணம் கட்டுமுன் நான் கேட்காமல் விட்ட கேள்விதான் குறை.

எனவே அந்த நண்பருக்குச் சொன்னவற்றை எமது வியாபாரச் சகோதரர்களுக்கும் எழுதுகிறேன்.

மூன்று படிகள்

மின் துறையில் மூன்று வகையான ஆட்கள் உள்ளனர். ஒரு தொழிற்சாலை கட்டப்படுகிறது என்று வைத்துக் கொள்வோம். எவ்வளவு மின்சாரம் தேவை, எந்த அளவு கேபிள், பழுது ஏற்பட்டால் எந்த பிரேக்கர் முதலில் விழ வேண்டும் என்று கணக்கிட்டு வடிவமைப்பவர் பொறியியலாளர். அந்த வடிவமைப்பைச் செயலுக்குக் கொண்டு வந்து, பரிசோதித்து, இயந்திரங்களின் கட்டுப்பாட்டுத் தொகுதியை ஓட வைத்து, பின்னர் பராமரிப்பவர் தொழில்நுட்பவியலாளர். கம்பி இழுத்து, பொருத்தி, பழுது பார்ப்பவர் டெக்னீசியன். நாம் வயரிங் பாஸ் என்று அழைப்பவரும் இந்த மூன்றாவது வகையினரே.

உலக அளவிலும் இந்தப் பிரிவு உண்டு. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றையொன்று ஏற்பதற்கு 1989 இல் வாஷிங்டன் உடன்படிக்கை வந்தது. தொழில்நுட்பவியலாளருக்கு 2001 இல் சிட்னி உடன்படிக்கையும், டெக்னீசியன்களுக்கு 2002 இல் டப்ளின் உடன்படிக்கையும் வந்தன. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014 இல் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு அங்கத்துவத்தைப் பெற்றது. ஆனால் அந்நிறுவனம் தர அங்கீகாரம் வழங்கிய பொறியியல் பட்டங்களுக்கே அதன் பயன் கிடைக்கும். 'எஞ்சினியரிங்' என்ற சொல் பெயரில் இருக்கும் எல்லாப் பட்டங்களுக்கும் கிடைக்காது.

நாட்டுக்குள்ளும் இது சட்டமாகிவிட்டது. 2017 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கப் பொறியியல் பேரவைச் சட்டம் பொறியியல் தொழில் செய்வோரை வகைப்படுத்திப் பதிவு செய்கிறது. ஒருவர் எந்த வகையில் பதியப்படுகிறார் என்பதை அவரது தகைமையே தீர்மானிக்கும்.

எமது பிள்ளைகளுக்குள்ள பாதைகள்

உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013 இல் ஆரம்பிக்கப்பட்டு, 2015 இல் முதலாவது தொகுதி பரீட்சை எழுதியது. இணைந்த கணிதம் படித்த பிள்ளை மொரட்டுவை, பேராதனை, ஒலுவில் போன்ற இடங்களிலுள்ள பொறியியல் பீடங்களுக்குப் போகும். தொழில்நுட்பப் பிரிவில் படித்த பிள்ளை தொழில்நுட்பப் பீடத்துக்குப் போகும். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பப் பீடம் ஹோமாகம பிட்டிபனவிலும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினது கிளிநொச்சியிலும் உள்ளன. அங்கே பெறும் பொறியியல் தொழில்நுட்பப் பட்டம் அரச பட்டம், கட்டணமும் இல்லை. ஆனால் அது பட்டயப் பொறியியலாளர் ஆவதற்கான நேர் பாதையன்று. இதைத் தெரிந்து கொண்டு போகும் பிள்ளை ஏமாறாது.

பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டாலும் கதவு மூடப்படவில்லை. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள தொழில்நுட்ப நிறுவனம் மூன்று வருடத் தேசிய டிப்ளோமாவை வழங்குகிறது. அதில் ஒரு வருடம் தொழிற்பயிற்சி. மட்டக்குளியில் உள்ளது போன்ற உயர் தொழில்நுட்ப நிறுவனங்களில் உயர் தேசிய டிப்ளோமா உண்டு. இவை தவிர, என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற் தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. நான்காம் மட்டம் வரை கைத்தொழில் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரியில் தொடங்கி, யுனிவோடெக் எனப்படும் இரத்மலானைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வரை ஏற இந்த ஏணியில் வழியிருக்கிறது. சாதாரண தரத்தோடு நின்ற பிள்ளைக்கும் இது பொருந்தும்.

வேலை எங்கே இருக்கிறது?

தொழில்நுட்பப் பட்டதாரியின் இடம் தொழிற்சாலைப் பராமரிப்பு, தானியக்கக் கட்டுப்பாடு, ஹோட்டல் மற்றும் வைத்தியசாலைக் கட்டிடங்கள், லிப்ட், குளிரூட்டல், ஜெனரேட்டர், சூரிய சக்தி ஆகியவற்றில் உள்ளது. 2016 இல் 'சூரிய பல சங்கிராமய' திட்டம் தொடங்கிய பின்னர் கூரை சோலர் பெருகியது. 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது இன்வேர்ட்டரும் பேட்டரியும் தெரிந்த ஆளைத் தேடி நாம் எல்லோரும் அலைந்தோம். 2025 பெப்ரவரி 9 இல் நாடே இருளில் மூழ்கியது. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், மின் பாவனை குறைந்திருந்ததால், பகல் நேரத்தில் கூரை சோலரை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டுக் கொண்டது. பெனல் பொருத்துவதோடு வேலை முடியவில்லை, பேட்டரியில் சேமித்து வலையமைப்போடு இசைய வைப்பதே அடுத்த வேலை என்பதை இது காட்டுகிறது. அது தொழில்நுட்பவியலாளரின் வேலை.

வெளிநாட்டைப் பொறுத்தவரை, பட்டத்தின் அங்கீகாரம்தான் முதலில் பார்க்கப்படும். 2018 இல் குவைத்தில் பொறியியலாளரின் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க அந்நாட்டுப் பொறியியலாளர் சங்கத்தின் ஒப்புதல் அவசியம் என்று வந்தது. அப்போது தங்கள் நாட்டின் தர அங்கீகாரச் சபையின் அங்கீகாரமில்லாத கல்லூரிகளில் படித்த பல இந்தியப் பொறியியலாளர்கள், வருடக்கணக்காக வேலை செய்தவர்களும் கூட, சிக்கலில் மாட்டினர். சவூதியிலும் பொறியியலாளர் பேரவையில் பதிய வேண்டும்.

கடைக்கு என்ன இலாபம்?

"படிக்க வைத்தால் பிள்ளை கடைக்கு வராது" என்பது எம்மவரின் பழைய பயம். மின்சார, கட்டிடப் பொருள் வியாபாரம் செய்வோருக்கு நான் மறுபக்கத்தைச் சொல்வேன். அரச கேள்விப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்க, சீடா எனப்படும் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையில் ஒப்பந்தக்காரராகப் பதிய வேண்டும். அங்கே தகைமையுள்ள தொழில்நுட்ப ஆளணி இருக்கிறதா என்று கேட்பார்கள். வீட்டிலேயே ஒருவர் இருந்தால், பிரேக்கரும் வயரும் மட்டும் விற்கும் கடை ஒப்பந்த வேலையும் எடுக்கும்.

இன்னுமொரு உதாரணம். 42 கே.வீ.ஏ.க்கு மேல் மின் எடுக்கும் வியாபார நிலையத்துக்கு, அலகுக் கட்டணத்தோடு உச்சக் கேள்விக்கும் கே.வீ.ஏ. கணக்கில் கட்டணம் உண்டு. 100 கிலோவாட் சுமை, வலுக்காரணி 0.8 என்றால் 125 கே.வீ.ஏ. பதியும். கெபாசிட்டர் பேங்க் பொருத்தி 0.95 ஆக்கினால் சுமார் 105 தான். ஏறக்குறைய 20 கே.வீ.ஏ.க்கான கட்டணம் மாதாமாதம் மிச்சம். அரிசி ஆலை, ஐஸ் தொழிற்சாலை, தையல் தொழிற்சாலை வைத்திருப்போர் இதைக் கவனிக்கலாம்.

வருடக்கணக்காக எம்மிடம் வேலை செய்யும் வயரிங் பாஸ்மாரையும் மறந்துவிடக் கூடாது. வகுப்புக்குப் போகாமலே, கைவேலையைக் காட்டி, முன் அனுபவத்தின் அடிப்படையில் என்.வி.கியூ. சான்றிதழ் பெறும் முறை இருக்கிறது.

பணம் கட்டுமுன்

ஒன்று, சான்றிதழில் அச்சாகும் சரியான பெயர் என்ன? விளம்பரத்தைப் பார்க்காமல் மாதிரிச் சான்றிதழைக் கேளுங்கள். இரண்டு, தொழிற்பயிற்சி நிறுவனமாயின் மூன்றாம் நிலைக் கல்வி மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு உண்டா? உள்நாட்டிலேயே பட்டம் வழங்கும் தனியார் நிறுவனமாயின், பல்கலைக்கழகச் சட்டத்தின் 25 ஏ பிரிவின் கீழ் அந்தப் பட்டத்துக்கு அனுமதி உண்டா? மூன்று, பிரித்தானியப் பட்டமாயின் அந்நாட்டுப் பொறியியல் பேரவையின் பட்டியலில் உள்ளதா? பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் போதாது. இலங்கையில் நடக்கும் அந்தப் பாடநெறியே இருக்க வேண்டும். நான்கு, தொழிற்பயிற்சி எங்கே, எத்தனை மாதம்? ஐந்து, முன்னர் படித்து முடித்த மூன்று பேரின் தொலைபேசி இலக்கத்தைத் தருவார்களா? தரத் தயங்கினால் அதுவே பதில்.

ஒரு கொள்கலன் சாமான் இறக்குமுன் எத்தனை பேரிடம் விசாரிக்கிறோம்! பிள்ளையின் நான்கு வருடத்துக்கு அதைவிடக் குறைவாக விசாரிப்பது என்ன நியாயம்?

எனது மருமகன் நாடு திரும்பி, இப்போது சோலர் பொருத்தும் வேலையை என்னோடு சேர்ந்து செய்கிறான். நன்றாகவே செய்கிறான். ஆனாலும் எஞ்சினியர் என்று நம்பி விமானம் ஏறிய பிள்ளை, அங்கே தன் விசாத் தாளைக் கண்டுவிட்டு எனக்கு எடுத்த அந்தத் தொலைபேசி அழைப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

நண்பர் அன்று பணம் கட்டப் போகவில்லை. ஐந்து கேள்விகளையும் ஒரு பில் தாளின் பின்புறத்தில் எழுதிக் கொண்டு போனார். முதலில் பல்கலைக்கழக விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அது கிடைக்காவிட்டால்தான் மற்றக் கதவுகள்.