வலிக்காது! சிவக்காது! பார்வை மட்டும் போய்விடும்!

40 வயதைத் தாண்டியவர்கள் உஷார்!

அவர் ஒரு பலசரக்குக் கடைக்காரர். வயது 52. கல்லாவில் உட்கார்ந்தால் எதிரே நிற்கும் ஆள் நன்றாகவே தெரிகிறார். ரூபாய் நோட்டு எண்ணுவதில் தப்பே வராது.

ஆனால் பக்கத்தில் இருக்கும் எண்ணெய் டின்னில் அடிக்கடி இடறுகிறார். ரோட்டைக் கடக்கும்போது ஓரமாக வரும் சைக்கிள் தெரிவதில்லை. "யோவ் பெரிசு, கண்ணு தெரியலையா?" என்று திட்டு வாங்குகிறார். "வயசாகுது இல்லே, அதான்" என்று சும்மா இருந்துவிடுகிறார்.

படிக்கிற கண்ணாடியை மாற்றலாம் என்று ஒரு நாள் போகிறார். அங்கேதான் குட்டு உடைகிறது. இரண்டு கண்ணிலும் ஓரப் பார்வை பாதிக்கு மேல் காலி! போனதை மீட்க வழி இல்லை என்று டாக்டர் கையை விரித்துவிடுகிறார்.

இந்தக் கடைக்காரருக்குப் பெயர் தேவையில்லை. தெருவுக்கு ஒருவர் இப்படி இருக்கிறார். அவர்களைப் பிடித்திருக்கும் நோயின் பெயர் கிளாக்கோமா. தமிழில் கண் நீர் அழுத்த நோய்.

அடைத்துக்கொள்ளும் குழாய்

கண்ணுக்குள் எந்நேரமும் ஒரு திரவம் ஊறிக்கொண்டே இருக்கிறது. கண்ணீர் வேறு, இது வேறு. ஊறுகிற அளவுக்கு அது வெளியேறவும் வேண்டும். தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்து, போகிற வழி அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? தொட்டி என்றால் வழியும். கண் வழியாது. உள்ளே அழுத்தம் ஏறும். மூளைக்குச் சேதி கொண்டுபோகும் கண் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும்.

கண் அழுத்தம் 10 முதல் 21 வரை இருந்தால் சாதாரணம் என்பது கணக்கு. சிலருக்கு 21-க்குள் இருந்தும் நரம்பு கெடுவது உண்டு. ரத்த அழுத்தத்துக்கும் இதற்கும் முடிச்சுப் போடக்கூடாது. "எனக்கு பி.பி. நார்மல்" என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

முதலில் ஓரப் பார்வைதான் போகும். நடுப் பார்வை கடைசிவரை தாக்குப் பிடிக்கும். ஒரு கண்ணின் குறையை மறு கண் மூடி மறைத்துவிடும். அதனால்தான் ஆளுக்கே தெரிவதில்லை. சென்னையிலும் பக்கத்துக் கிராமங்களிலும் 2001-ல் தொடங்கி நடத்திய ஆய்வில், இந்த நோய் இருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் தங்களுக்கு அது இருப்பதே தெரியாமல் இருந்தார்கள்!

கண்புரை என்றால் ஆபரேஷன் செய்து பார்வையைத் திரும்பப் பெறலாம். இதில் அது நடக்காது.

யார் யாருக்கு ஆபத்து?

* 40 வயதைத் தாண்டியவர்கள்
* அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்களுக்கு இந்த நோய் இருப்பவர்கள்
* சர்க்கரை நோயாளிகள்
* தடித்த மைனஸ் கண்ணாடி போடுபவர்கள்
* கண்ணில் அடிபட்டவர்கள்

இன்னொரு கூட்டமும் உண்டு. கண் உறுத்தினால் போதும், மருந்துக் கடையில் "ஒரு டிராப்ஸ் கொடுப்பா" என்று வாங்கி மாதக்கணக்கில் விட்டுக்கொள்பவர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் கண் அழுத்தம் ஏறலாம். சீட்டு இல்லாமல் வாங்குவதும் தப்பு, கொடுப்பதும் தப்பு.

திடீர்த் தாக்குதல்!

சத்தம் போட்டு வரும் வகையும் ஒன்று இருக்கிறது. திடீரென்று கண் சிவக்கும். தாங்க முடியாத வலி. தலைவலி, வாந்தி. பார்வை மங்கும். விளக்கைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரியும். "பித்தம்" என்று மாத்திரை போட்டுப் படுத்துவிடக்கூடாது. அந்த நிமிஷமே கண் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தாமதித்தால் அந்தக் கண் போய்விடலாம்.

மெட்ராஸ் தந்த ஆபரேஷன்

எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819-ல் தொடங்கியது. அங்கே சூப்பிரண்டாக இருந்த டாக்டர் எலியட், 1909-ல் இந்த நோய்க்கு ஒரு புது ஆபரேஷன் செய்தார். கருவிழியும் வெள்ளை விழியும் சேரும் இடத்தில் குட்டியாக வட்டத் துளை போட்டு, உள்ளே தேங்கிய நீருக்கு வழிவிட்டார். அந்த முறை மெட்ராசிலிருந்து உலகம் முழுவதும் பரவியது. பிற்பாடு அதைவிடப் பாதுகாப்பான முறைகள் வந்தன. நீருக்குப் புது வழி திறப்பது என்ற யோசனை மட்டும் மாறவில்லை.

இன்று பெரும்பாலும் சொட்டு மருந்திலேயே அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். தேவைப்பட்டால் லேசர், ஆபரேஷன். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். "ரெண்டு மாசமா விடுறேன், பார்வை ஒண்ணும் கூடலையே" என்று மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். மருந்து பார்வையைக் கூட்டாது. இருப்பது போகாமல் காவல் காக்கும். காவலை எடுத்தால் மறுபடி களவு போகும். அநேகமாக ஆயுள் முழுக்க, நேரம் தவறாமல் விட வேண்டும்.

கண் டாக்டரிடம் போனால் மூன்றைக் கேளுங்கள்: கண் அழுத்தம் அளந்தாரா? கண் நரம்பைப் பார்த்தாரா? சந்தேகம் இருந்தால் ஓரப் பார்வைச் சோதனை செய்தாரா? எழும்பூர் போன்ற அரசு ஆஸ்பத்திரிகளில் இதற்குக் காசு இல்லை. அரை நாள் சம்பளம் போகலாம். கண் போவதைவிட அது பெரிசா?

கடைக்காரருக்கு ஒரு தம்பி இருக்கிறார். வயது 45. அண்ணனுக்கு வந்தது தம்பிக்கும் வரலாம். அவர் இன்னும் கண்ணைக் காட்டவில்லை. "எனக்குத்தான் நல்லாத் தெரியுதே" என்கிறார்.

அண்ணனும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்!