பட்டறைக்கு மாற்று ஏர் கிரைண்டர்: தேர்வு, ஆபத்து, சட்டப் பாதுகாப்பு

காற்றில் ஓடும் ஆங்கிள் கிரைண்டருக்குள் மின்சுருள் கிடையாது. கம்ப்ரசரிலிருந்து வரும் அழுத்தக் காற்று, உருளைக்குள் மையம் சற்று விலகி அமைந்த ரோட்டரின் தகடுகளைத் தள்ளிச் சுழற்றுகிறது. அந்தச் சுழற்சியைச் சாய்வுப் பல்சக்கரங்கள் செங்கோணத்தில் திருப்பி வீலுக்குக் கொண்டுபோகின்றன. எரிந்துபோகச் சுருள் இல்லாததால் வீல் சிக்கி நின்றாலும் மோட்டார் கருகாது. ஈரமான இடத்தில் மின்னதிர்ச்சிக்குப் பயப்பட வேண்டியதில்லை, எடையும் குறைவு. வார்ப்படப் பட்டறைகளும் ஃபேப்ரிகேஷன் கூடங்களும் இதை விரும்பக் காரணம் இவைதான். ஆனால் பழைய கருவி தேய்ந்து மாற்று வாங்கும்போது, "அதே சைஸ், குறைந்த விலை" என்று கேட்டு வாங்குவதே வழக்கமாக இருக்கிறது. காயமும் காற்றுச் செலவும் பெரும்பாலும் அந்தத் தேர்விலேயே தொடங்குகின்றன. பிறகு இழப்பீடு கேட்கும்போது கையில் ஆதாரம் இல்லாமல் போவதும் அதனால்தான்.

மாற்றும் முன்

வேகம் குறைந்துவிட்டது என்பதற்காக மட்டும் கிரைண்டரை ஒதுக்க வேண்டியதில்லை. ரோட்டர் தகடு, பேரிங், ஓ-ரிங் ஆகியவை தேய்வதற்கென்றே உள்ள பாகங்கள். அவற்றை மாற்றினால் கருவி பழைய நிலைக்குத் திரும்பும். ஹோஸ் ஒடுங்கியிருப்பதும் ஃபில்டர் அடைத்திருப்பதும்கூட வேகத்தைக் குறைக்கும். உருளையின் உட்சுவரில் ஆழமான கீறல் விழுந்திருந்தாலோ, பல்சக்கரம் தேய்ந்து ஸ்பிண்டில் ஆடினாலோ, வீலை மறைக்கும் கார்டு பொருத்தும் கழுத்து உடைந்திருந்தாலோ, உதிரிபாகம் சந்தையில் நின்றுபோயிருந்தாலோ மாற்றுவதே சரி.

வேகமும் வீலும்

தேர்வில் முதலில் பார்க்க வேண்டியது ஆர்.பி.எம். வீலின் மேல் அச்சிட்டுள்ள அதிகபட்ச ஆர்.பி.எம்.மைவிடக் கருவியின் ஆர்.பி.எம். ஒருபோதும் கூடக்கூடாது. வலையிழை வைத்த ரெசின் வீல்கள் பெரும்பாலும் விளிம்பு வேகம் வினாடிக்கு 80 மீட்டர் என்ற வரம்புக்குள் ஓடும்படி செய்யப்படுகின்றன. இந்த வரம்பு 100 மி.மீ. வீலுக்குச் சுமார் 15,300 ஆர்.பி.எம்., 125 மி.மீ. வீலுக்குச் சுமார் 12,200, 180 மி.மீ. வீலுக்குச் சுமார் 8,500 என்று வரும். கார்டைக் கழற்றிவிட்டு 100 மி.மீ. கிரைண்டரில் 125 மி.மீ. வீலை மாட்டினால், 15,300 ஆர்.பி.எம்.மில் அதன் விளிம்பு வினாடிக்கு 100 மீட்டர் வேகத்தை எட்டும். வேகம் கால் பங்குதான் கூடுகிறது. வீலைப் பிய்க்கும் விசையோ வேகத்தின் இருமடியாக வளர்வதால் ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. வீல் உடைந்து முகத்தில் பாயும் விபத்துகளுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஸ்பிண்டில் மரையும் வீலின் துளையும் பொருந்த வேண்டும். 100 மி.மீ. கருவிகளில் எம்10 மரையும் 16 மி.மீ. துளையும் வழக்கம், 115, 125, 180 மி.மீ. கருவிகளில் எம்14 மரையும் 22.23 மி.மீ. துளையும் வழக்கம். அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த கருவிகளில் அங்குல மரை இருக்கும். பழைய கருவியின் பிளேஞ்சையோ நட்டையோ புதியதில் கட்டாயப்படுத்தி மாட்டக்கூடாது. வீலின் நடுவிலுள்ள உலோக வளையத்தில் பயன்பாட்டுக் கெடு அச்சிடப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ரெசின் வீல்களுக்கு அது பொதுவாக மூன்று ஆண்டு. ஈரத்தில் கிடந்த வீலும் கெடு தாண்டிய வீலும் பார்வைக்குப் புதிதாகவே இருக்கும்.

மின் கிரைண்டரில் இல்லாத ஒரு சிக்கல் ஏர் கிரைண்டரில் உண்டு. காற்றழுத்தம் ஏறினால் அதன் வெற்றோட்ட வேகமும் ஏறும். பெரும்பாலான கருவிகள் 6.3 பார், அதாவது ஏறத்தாழ 90 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு வடிவமைக்கப்படுகின்றன. லைனில் 8 அல்லது 10 பார் இருந்து ரெகுலேட்டரும் இல்லையென்றால், பெயர்ப்பலகையில் எழுதிய வேகம் வெறும் எழுத்துதான். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் உள்ள கருவியைத் தேர்ந்தெடுப்பது இந்த ஆபத்தைக் குறைக்கும். ஆனால் காற்றோடு வரும் தண்ணீரால் கவர்னரும் துருப்பிடித்துச் சிக்கிக்கொள்ளக்கூடும். ஆகவே புதிதாக வாங்கியதும், ஒவ்வொரு சர்வீஸுக்குப் பிறகும், வீல் இல்லாமல் ஓடவிட்டு டாக்கோமீட்டரால் வேகத்தை அளந்து குறித்துவைக்க வேண்டும்.

கார்டும் லிவரும்

கிரைண்டிங் வீலுக்கான கார்டு கருவிப் பக்கத்தை மட்டுமே மறைக்கும். மெல்லிய கட்டிங் வீலுக்கு இரு பக்கமும் மறைக்கும் கார்டு தேவை. இரண்டு வேலையும் நடக்கும் பட்டறை இரண்டு கார்டையும் கருவியோடு சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும். கார்டை வேலைக்கேற்பத் திருப்பிப் பூட்டும் வசதி இல்லையென்றால், தொழிலாளர்கள் அதைக் கழற்றிவிடுவார்கள் என்று எதிர்பார்க்கலாம்.

கையை எடுத்ததும் காற்று நிற்கும் லிவரும், தற்செயலாக அழுந்தாமல் தடுக்கும் சிறு பூட்டுநாக்கும் இருப்பது நல்லது. திருகித் திறக்கும் வால்வு உள்ள கருவி கை தவறி விழுந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். லிவரைக் கம்பியால் கட்டிவைக்கும் பழக்கம் அந்தப் பாதுகாப்பு முழுவதையும் வீணாக்கிவிடும். வீல் மாற்றும்போது காற்றை அடைத்து, ஹோஸில் மிஞ்சிய அழுத்தத்தை வெளியேற்றி, கப்ளரைக் கழற்றிய பிறகே ஸ்பானரைத் தொட வேண்டும்.

காற்றில் ஓடுவதால் தீ அபாயமே இல்லை என்று நினைப்பதும் தவறு. மோட்டாரில் பொறி வராது. வீலும் இரும்பும் உரசும் இடத்தில் வரும். தின்னர், பெயிண்ட், பெட்ரோல் ஆவி உள்ள இடத்தில் ஏர் கிரைண்டரும் ஆபத்தானதே.

காற்றுக் கணக்கு

4 அல்லது 5 அங்குல ஏர் கிரைண்டர் ஒன்று இடைவிடாமல் ஓடினால் நிமிடத்துக்கு 15 முதல் 25 கன அடி காற்று வேண்டியிருக்கும். கனரகக் கருவிகளுக்கு இன்னும் கூடும். பிஸ்டன் கம்ப்ரசர் ஒரு குதிரைத்திறனுக்கு ஏறத்தாழ 3 முதல் 4 கன அடிதான் தரும். எனவே 3 எச்.பி. கம்ப்ரசரை நம்பி 25 கன அடி கருவியை வாங்கினால், டேங்கில் தேங்கிய காற்று தீரும்வரை ஓடிப் பிறகு திணறும். விற்பனைக் குறிப்பில் தரும் 'சராசரி' நுகர்வு விட்டுவிட்டு ஓட்டுவதற்கான கணக்காக இருக்கலாம். தொடர்ந்து ஓடும்போது எவ்வளவு என்று கேட்டு எழுத்தில் பெறுவது நல்லது.

கால் அங்குல ஹோஸும் ஒடுங்கிய கப்ளரும் நல்ல கருவியையும் சோப்ளாங்கியாக்கிவிடும். உட்துளை 3/8 அங்குலத்துக்குக் குறையாத ஹோஸ் வேண்டும். தூரம் கூடினால் 1/2 அங்குலம் வேண்டும். அழுத்தத்தைக் கருவியின் வாயிலில், அது ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். ஃபில்டர், ரெகுலேட்டர், லூப்ரிகேட்டர் மூன்றும் சேர்ந்த எஃப்.ஆர்.எல். இல்லாத லைனில் புதுக் கருவியை மாட்டினால் தகடுகள் விரைவில் தேயும். தண்ணீரும் தூசியும் புகுந்த கருவிக்கு வாரண்டி தர விற்பவர் மறுப்பதும் இந்த இடத்தில்தான். அழுத்தக் காற்று தயாரிப்பதே விலை உயர்ந்த வேலை. அதே வேலைக்கு மின் கிரைண்டரைவிட இதற்கு மின்கட்டணம் பல மடங்கு ஆகும். கருவியின் விலையோடு இந்தச் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

காது, கை, நுரையீரல்

ஏர் கிரைண்டரின் சத்தம் உலோகத்தில் படும்போது பெரும்பாலும் 85 டெசிபலைத் தாண்டும். காற்று வெளியேறும் வழியில் சைலன்சர் இருக்கிறதா, காற்று முகத்தில் அடிக்காமல் பின்பக்கம் வெளியேறுகிறதா என்று பார்க்க வேண்டும். காது அடைப்பானும் தேவை. அதிர்வு பல ஆண்டுகள் தொடர்ந்தால் விரல்களின் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் கெட்டு, குளிரில் விரல் வெளுத்து மரத்துப்போகும் நோய் வரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு விதி, எட்டு மணி நேரச் சராசரியில் 2.5 மீ./வி² அதிர்வைத் தாண்டினால் நிர்வாகம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும், 5 மீ./வி² தாண்டவே கூடாது என்றும் சொல்கிறது. ஐ.எஸ்.ஓ. 28927-1 என்ற தரமுறைப்படி அளந்த அதிர்வு அளவைத் தரும் தயாரிப்பாளரின் கருவிகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். காற்றில் ஓடும் கிரைண்டர்களின் பாதுகாப்புக்கு உள்ள தரமுறை ஐ.எஸ்.ஓ. 11148-7. கல், மணல் வார்ப்படம் ஆகியவற்றைத் தேய்க்கும் இடங்களில் சிலிக்கா தூசியால் நுரையீரல் நோய் வரும்; அங்கே சாதாரணத் துணி முகமூடி போதாது.

வாங்கும்போது சேர்க்க வேண்டிய ஆதாரம்

1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு வாங்குபவருக்கு ஒரு வலுவான பாதுகாப்பைத் தருகிறது. என்ன வேலைக்கு வேண்டும் என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே அடங்கிய நிபந்தனை. ஆனால் "இந்த பிராண்டில் இந்த மாடல்" என்று வணிகப் பெயரை மட்டும் குறிப்பிட்டு வாங்கினால், வேலைக்குப் பொருந்தும் என்ற அந்த நிபந்தனை பொருந்தாது. ஆகவே விலைப்பட்டியல் கேட்கும் கடிதத்திலும் ஆர்டரிலும் என்ன உலோகம், எந்த வீல், நாளுக்கு எத்தனை மணி நேரம், லைனில் எவ்வளவு அழுத்தம் என்று எழுதிவிட வேண்டும். ஜி.எஸ்.டி. பில்லில் மாடலும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். முத்திரை இட்ட வாரண்டி அட்டை, கையேடு, இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் சேர்ந்தால்தான் ஆதாரம் முழுமை பெறும்.

பழுதான கருவிக்குத் தீர்வு

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை நுகர்வோராக ஏற்பதில்லை. ஆயினும் சுயதொழிலாகப் பிழைப்பு நடத்துவதற்கு மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவர் நுகர்வோரே. லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம், முந்தைய சட்டத்தின் கீழ், இந்த எல்லையை விளக்கியது. லேத் போன்ற இயந்திரத்தை வாங்கித் தானே இயக்கிப் பிழைப்பவர், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான். அந்த வழக்கிலேயே பெரிய விலை கொடுத்து இயந்திரம் வாங்கிய நிறுவனம் நுகர்வோராக ஏற்கப்படவில்லை. கிரைண்டர் வாங்கும் தனிநபர் பட்டறைக்கு முதல் விதியும், பல தொழிலாளர்கள் உள்ள தொழிற்கூடத்துக்கு இரண்டாவதும் பொருந்தும்.

நுகர்வோர் என்றால் முதலில் குறையை எழுத்தில் விற்பவருக்கு அனுப்ப வேண்டும். இணையத்தில் வாங்கியிருந்தால், அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை அங்கேயே முறையிடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. புகார்தாரர் வசிக்கும் ஊரின் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு கெடு. நுகர்வோர் அல்லாத நிறுவனத்துக்குச் சரக்கு விற்பனைச் சட்டத்தின்படி உரிமையியல் நீதிமன்றம்தான் வழி. அங்கே கெடு மூன்று ஆண்டு.

பழுதான கருவியால் காயம் பட்டால் தயாரிப்பாளர், விற்பவர் ஆகியோர் மீது பொருள் பொறுப்பு வழக்கும் உண்டு. ஆனால் கருவியைத் தவறாகப் பயன்படுத்தியதோ மாற்றி அமைத்ததோ தெரிந்தால் அது விற்பவருக்கு எதிர்வாதமாகிவிடும். கார்டைக் கழற்றியதும் பெரிய வீல் மாட்டியதும் இந்த இடத்தில் எதிராகத் திரும்பும். உடைந்த வீலின் துண்டுகள், கருவி, ரெகுலேட்டர் காட்டிய அழுத்தம் ஆகியவற்றைப் படம் எடுத்து, எதையும் சரிசெய்யாமல் அப்படியே வைத்திருக்க வேண்டும்.

கருவியைப் பிடிக்கும் தொழிலாளியின் உரிமை

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில், 2020ஆம் ஆண்டுத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் தொழிலாளியிடம் பணம் பிடிக்கக்கூடாது என்று அது சொல்கிறது. கண்ணாடி, காது அடைப்பான், கையுறை ஆகியவற்றின் செலவு முதலாளியுடையது. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சினால், தொழிலாளி அதை நிர்வாகத்துக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் முறையிடலாம்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் இ.எஸ்.ஐ. மூலம் சிகிச்சையும் உதவித்தொகையும் கிடைக்கும். அதன் வரம்புக்குள் வராதவர்களுக்கு முதலாளியே இழப்பீடு தர வேண்டும். பாதுகாப்புக்கென்று தெரிந்தே தொழிலாளி வேண்டுமென்று கார்டை அகற்றியிருந்தால், அந்தச் செயலால் நேர்ந்த காயத்துக்கு இழப்பீடு மறுக்கப்படலாம். மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் இந்த விலக்கு கிடையாது. கார்டு இல்லாத கருவியைக் கொடுத்து வேலை வாங்கிய நிர்வாகம் இந்த வாதத்தை எழுப்ப முடியாது. யார் எப்போது கழற்றினார்கள் என்பதை நிறுவ, கருவி ஒப்படைக்கும்போது கார்டோடு கொடுத்ததைப் பதிவேட்டில் குறித்துக் கையெழுத்து வாங்குவது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம்.