பொது மலசலகூடம் யாருடைய பொறுப்பு?

சொந்த வளவில் இருந்த காலத்தில் மலசலகூடத்தைப் பற்றி நாம் அதிகம் யோசித்ததில்லை. வளவின் பின்கோடியில், கிணற்றுக்குத் தூரமாக, வேலியோரத்தில் ஒன்று இருந்தது. அது இல்லாதவர்கள் பற்றைக்குப் போய் வந்தார்கள். இடம்பெயர்ந்த அன்றே அது பெரும் பிரச்சினையாகிவிட்டது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்குப் போய்ப் பாடசாலைகளிலும் கோயில்களிலும் மரநிழலிலும் தங்கியவர்களுக்கு இது தெரியும். 2009 இல் மெனிக் பாமில் இருந்தவர்களுக்கும் தெரியும். வெள்ளத்துக்காகப் பத்து நாள் பாடசாலையில் தங்கினாலும் இதே கதைதான்.

அவசர நிலையின் ஆரம்பத்தில் 50 பேருக்கு ஒன்று, பின்னர் 20 பேருக்கு ஒன்று என்பதே மலசலகூடங்களுக்குச் சர்வதேச மனிதாபிமான நியமங்கள் கூறும் அளவு. அதைக் கேட்டுப் பெறுவது எமது உரிமை. ஆனால் போதிய அளவு கட்டித் தந்தாலும், அழுக்கேறிய மலசலகூடத்துக்குள் எவரும் கால்வைப்பதில்லை. மீண்டும் பற்றைதான். பெண்களின் பாடு இன்னும் மோசம். இருட்டும்வரை அடக்கிக்கொண்டிருப்பதற்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். பிறகு சலம் கடுத்துக் காய்ச்சலோடு வைத்தியசாலைக்குப் போகிறார்கள்.

மலத்தில் முட்டையிடும் இலையான் எமது வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாட்களுக்குள் வளர்ந்து பறந்துவிடும். அடுத்து அது உட்காருவது சோற்றுக் கோப்பையில். வயிற்றோட்டமும் நெருப்புக்காய்ச்சலும் வருகிற வழிகளில் இதுவும் ஒன்று. கொழுக்கிப்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்துக்கொண்டு ஏறும். வயலில் செருப்பில்லாமல் நடந்து பழகிய நாம் இங்கே அந்தப் பழக்கத்தை விடவேண்டும்.

யார் கழுவுவது? இதுதான் முகாமில் எவரும் வாய்விட்டுப் பேசாத கேள்வி. அதை ஒரு சாதியாரின் தலையில் கட்டிவிட்டுப் பழகிய சமூகம் நாம். நாம் சென்றிருந்த ஒரு முகாமில் எட்டு மலசலகூடங்களில் ஐந்து பாவிக்க முடியாமற் கிடந்தன. கூட்டம் கூடியது, சத்தம் போட்டது, கலைந்தது. கடைசியில் ஒரு முதியவர் தும்புத்தடியைக் கையில் எடுத்தார். “தம்பி, மாட்டுக் கொட்டில் கூட்டின கைதானே எங்கட கை? இதென்ன அதைவிடக் கேவலமோ?” என்றார். அவருக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. மறுநாள் நான்கு நான்கு குடும்பங்களுக்கு ஒரு மலசலகூடம் என்று பிரித்து, பூட்டும் திறப்பும் கொடுத்து, முறைப் பட்டியலைப் பலகையில் எழுதித் தொங்கவிட்டார்கள். ஊராருக்குப் பொது என்றால் ஒருவருக்கும் சொந்தமில்லை. நான்கு வீட்டாருக்குப் பொது என்றால் யார் கழுவவில்லை என்பது உடனே தெரிந்துவிடும்.

கழுவும் முறையில் சில விடயங்களைக் கவனிக்கவேண்டும். முதலில் தண்ணீரும் சவர்க்காரத் தூளும் போட்டுத் தேய்த்து அழுக்கை நீக்கவேண்டும். அழுக்கின்மேல் ஊற்றும் குளோரின் வீணாகும். அதன்பின் 10 லீற்றர் வாளித் தண்ணீரில் 150 கிராம் குளோரின் தூளை (30 முதல் 35 வீதம் வலுவுள்ளது) கரைத்து, மிதிதட்டிலும் கதவுப்பிடியிலும் பூசிப் பத்து நிமிடம் விடவேண்டும். கரைசலை அன்றன்றைக்கே தயாரிக்கவேண்டும். அதைக் குழிக்குள் ஊற்றக்கூடாது, ஊற்றினால் மலத்தை உக்கவைக்கும் கிருமிகள் செத்துப்போகும். அசிட் கலந்த கழுவிகளோடு ஒருபோதும் சேர்க்கக்கூடாது, நச்சுவாயு கிளம்பும். மலசலகூட வாளியைக் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது. நெருக்கடியில் இதையும் செய்தவர்களை நாம் கண்டிருக்கிறோம்.

தண்ணீர் ஊற்றாத குழி மலசலகூடமானால் ஒவ்வொரு முறையும் ஒரு கைப்பிடி சாம்பல் போட்டால் மணமும் இலையானும் குறையும். 1970களில் சிம்பாப்வேயில் உருவாக்கப்பட்ட காற்றுக்குழாய் முறையும் நல்லது. குழியிலிருந்து கூரைக்கு மேலே அரை மீற்றர் உயரும்படி ஒரு குழாயை நிறுத்தி, அதன் வாயை நுளம்பு வலையால் மூடவேண்டும். மணம் மேலே போய்விடும். உள்ளே இருட்டாக இருந்தால் இலையான் வெளிச்சத்தை நாடிக் குழாயில் ஏறி வலையில் அகப்பட்டுச் சாகும். குழி நிரம்ப அரை மீற்றர் இருக்கையில் மண்ணிட்டு மூடவேண்டும். இரண்டு ஆண்டு சென்றபின் தோண்டினால் தென்னைக்குப் பசளையாகும். அதுவரை அங்கே இருக்க நேராதிருக்கட்டும்.

குழிக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 30 மீற்றர் இடைவெளி வேண்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் வெடிப்புகளூடாக அழுக்கு அதற்கப்பாலும் போகலாம் என்பதால், தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்கவேண்டும். கை கழுவ வைக்கும் சவர்க்காரத்தைக் காகம் கொண்டுபோகாமல் பழைய காலுறைக்குள் போட்டுக் கட்டிவிடலாம். சவர்க்காரம் இல்லாவிட்டால் சாம்பல் போதும். குழந்தையின் மலம் ஒன்றும் செய்யாது என்று மணலில் மூடிவிடும் தாய்மார் அதையும் மலசலகூடத்திலேயே போடவேண்டும்.

அந்த முகாமில் அடுத்த கிழமை பெண்கள் இரண்டு விடயங்களைக் கேட்டார்கள்: கதவுக்கு உட்புறக் கொளுக்கி, இரவில் வெளிச்சம். கொளுக்கியை அந்த முதியவரே அன்று மாலை அடித்துக் கொடுத்தார். மின்குமிழ் வர ஒன்றரை மாதம் சென்றது.