பிட்புல் நாய் பொல்லாததா?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள டென்வர் நகரம் 1989-ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றியது. 'பிட்புல்' எனப்படும் நாயை நகர எல்லைக்குள் எவரும் வளர்க்கக் கூடாது என்பதே அச்சட்டம். 31 ஆண்டுகள் கழித்து, 2020 நவம்பரில், அந்நகர மக்களே வாக்களித்து அத்தடையை நீக்கினார்கள். உரிய அனுமதி பெற்று வளர்க்கலாம் என்று விதி மாறியது.

பிரிட்டனில் நடந்ததோ இதற்கு நேர்மாறானது. அங்கே பிட்புல் 1991 முதலே தடை செய்யப்பட்ட நாய். அதன் மரபிலிருந்து தோன்றிய 'எக்ஸ்எல் புல்லி' என்னும் பெரிய நாயையும், 2024 பிப்ரவரி முதல் நாளிலிருந்து, விலக்குச் சான்று இல்லாமல் வைத்திருப்பது இங்கிலாந்திலும் வேல்சிலும் குற்றமாயிற்று.

ஓரிடத்தில் தடை நீங்குகிறது. மற்றோரிடத்தில் தடை விரிகிறது. 'இது பிறவியிலேயே கொடியது' என்கின்றனர் ஒரு சாரார். 'இது அன்பான நாய். மனிதன் செய்த பிழைக்கு இது பழி சுமக்கிறது' என்கின்றனர் மற்றொரு சாரார். இவ்வழக்கில் ஒரு பக்கம் இருப்பது குழந்தைகளின் உயிர். மறு பக்கம் இருப்பது, யாரையும் கடிக்காமலே பெயரின் காரணமாகக் கொல்லப்படும் நாய்களின் உயிர். எனவே கோபத்தையும் பாசத்தையும் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, சான்றுகள் என்ன கூறுகின்றன என்று பார்ப்போம்.

பெயர் வந்த வரலாறு

பழைய இங்கிலாந்தில் கொடிய விளையாட்டு ஒன்று இருந்தது. காளையை ஒரு முளையில் கட்டி, அதன்மீது நாய்களை ஏவி விடுவார்கள். நாய் காளையின் மூக்கைக் கவ்விப் பிடித்துக் கீழே சாய்க்க வேண்டும். சுற்றி நின்று மக்கள் பந்தயம் கட்டுவார்கள். இதற்கென்றே வளர்க்கப்பட்ட நாய்க்குப் 'புல்டாக்', அதாவது காளை நாய், என்று பெயர்.

1835-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இக்கொடுமையைத் தடை செய்தது. ஆனால் பந்தய மோகம் ஒழியவில்லை. காளையை மறைத்து வைக்க முடியாது. இரண்டு நாய்களை மறைத்து வைக்க முடியும். எனவே நிலத்தில் தோண்டிய குழிகளிலும், பலகையால் அடைத்த சிறு அரங்குகளிலும் நாய்களை ஒன்றோடொன்று மோத விட்டார்கள். எலிகளைக் குழியில் விட்டு, எந்த நாய் விரைவில் அதிகமாகக் கொல்கிறது என்றும் பந்தயம் கட்டினார்கள். இதற்கு வலிமையோடு சுறுசுறுப்பும் தேவைப்பட்டது. எனவே புல்டாக்கையும், வளைக்குள் புகுந்து வேட்டையாடும் டெரியர் நாயையும் கலந்து ஒரு கலப்பினத்தை உருவாக்கினார்கள். ஆங்கிலத்தில் 'பிட்' என்றால் குழி. 'புல்' என்றால் காளை. இப்பெயரிலேயே அந்நாயின் பழைய வரலாறு அடங்கியிருக்கிறது.

பிரிட்டனிலிருந்து குடியேறியவர்கள் இந்நாயை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றார்கள். அங்கே 'யுனைடெட் கென்னல் கிளப்' என்னும் சங்கம் 1898-இல் 'அமெரிக்கன் பிட்புல் டெரியர்' என்ற பெயரில் இதைப் பதிவு செய்தது. 1936-இல் மற்றொரு சங்கம் இதன் நெருங்கிய உறவினத்தை 'ஸ்டாஃபர்ட்ஷயர் டெரியர்' என்ற பெயரில் ஏற்றுக்கொண்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'பிட்புல்' என்பது ஒரே ஓர் இனத்தின் பெயரன்று. அகன்ற தலையும், திரண்ட தசையும், குட்டை மயிரும் கொண்ட பல இனங்களுக்கும் அவற்றின் கலப்புகளுக்கும் பொதுவாக வழங்கும் பெயர் அது. இப்பெயர்க் குழப்பம் பின்னால் நம்மைப் பெரிதும் தொல்லைப்படுத்தப் போகிறது.

மரபில் இருப்பது என்ன?

தேர்ந்தெடுத்து இனம் பெருக்கினால் நாயின் உருவம் மட்டுமன்று, குணமும் மாறும். ஆடு மேய்க்கும் காலி நாயின் குட்டி, யாரும் கற்பிக்காமலே, நகரும் எதையும் சுற்றி வளைக்க முயல்கிறது. பாயிண்டர் நாயின் குட்டி, பறவையைக் கண்டதும் அசையாமல் நின்று சுட்டிக் காட்டுகிறது. அவ்வாறிருக்க, தலைமுறை தலைமுறையாகச் சண்டைக்கென்றே பெருக்கப்பட்ட நாயிடம் அதன் சுவடே இராது என்பது பொருந்துமா?

பொருந்தாது. பென்சில்வேனியா பல்கலைக் கழக ஆய்வாளர்கள், நாய் வளர்ப்போரிடம் விரிவான வினாக்கள் கேட்டுத் திரட்டிய முடிவுகளை 2008-இல் வெளியிட்டார்கள். அறிமுகமில்லாத பிற நாய்களிடம் கடுஞ்சினம் காட்டும் இனங்களுள் பிட்புல் முன்வரிசையில் நின்றது. ஐந்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பிட்புல் நாய்கள் அவ்வாறு நடந்துகொண்டதாக அவற்றை வளர்ப்போரே கூறினார்கள்.

ஆனால் அதே ஆய்வில், மனிதரிடம் சினம் காட்டும் நாய்களுள் முன்னணியில் நின்றவை எவை தெரியுமா? நீண்ட உடலும் குட்டைக் காலும் கொண்ட டாக்ஸ்ஹண்ட், கையில் அடங்கும் சிவாவா போன்ற சிறு நாய்களே! பிற நாயிடம் கொள்ளும் பகையும் மனிதரிடம் கொள்ளும் பகையும் வெவ்வேறு பண்புகள் என்பதை இது காட்டுகிறது.

2022-இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த பேராய்வு 18,000-க்கு மேற்பட்ட நாய்களின் குணங்களைத் திரட்டி, அவற்றுள் 2,000-க்கு மேற்பட்ட நாய்களின் மரபணுக்களையும் ஆராய்ந்தது. நாய்க்கு நாய் குணத்தில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டை மட்டுமே இனத்தின் பெயரால் விளக்க முடிந்தது. குணத்துக்கும் மரபுக்கும் தொடர்பில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. இனத்தின் பெயரை மட்டும் கேட்டு, எதிரே நிற்கும் ஒரு நாய் எப்படி நடந்துகொள்ளும் என்று சோதிடம் சொல்ல முடியாது என்பதே பொருள்.

தாடை பூட்டிக்கொள்ளுமா?

பிட்புல் கடித்தால் அதன் தாடை பூட்டுப்போல் இறுகிவிடும் என்று பலரும் நம்புகின்றனர். இது கட்டுக்கதை. அதன் மண்டை ஓட்டிலோ தாடை மூட்டிலோ அத்தகைய பூட்டு எதுவும் இல்லை. பிற நாய்களின் தாடை போன்றதே அதன் தாடையும். கவ்வியதை விடாமல் பற்றி உதறும் பழக்கமும், வலிய தசைகளுமே அத்தகைய தோற்றத்தைத் தருகின்றன.

எண்கள் கூறுவதும் கூறாததும்

அமெரிக்காவில் 1979 முதல் 1998 வரை நாய் கடித்து இறந்தோர் பற்றிய ஆய்வொன்று 2000-ஆம் ஆண்டு வெளிவந்தது. இனம் தெரிந்த 238 மரணங்களில் குறைந்தது 25 இன நாய்கள் தொடர்பு கொண்டிருந்தன. அவற்றுள் பாதிக்கு மேல் பிட்புல் வகையும் ராட்வைலர் நாயும் சேர்ந்து விளைவித்தவை. 'இதைவிடச் சான்று வேண்டுமா?' என்று கேட்கத் தோன்றும்.

அவசரப்பட வேண்டாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஊரில் 'அ' இன நாய்கள் 1,000, 'ஆ' இன நாய்கள் 100 இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓராண்டில் 'அ' இனம் 10 பேரையும், 'ஆ' இனம் 2 பேரையும் கடிக்கின்றன. செய்தித்தாளில் 'அ' இனமே ஐந்து மடங்கு கொடியதாகத் தோன்றும். உண்மையிலோ 'அ' இனத்தில் நூறு நாய்களுக்கு ஒரு கடி. 'ஆ' இனத்தில் நூறு நாய்களுக்கு இரண்டு கடி. ஆக, மொத்தம் எத்தனை நாய்கள் என்று தெரியாமல் எது கொடியது என்று கூற முடியாது. அமெரிக்காவில் எத்தனை பிட்புல் நாய்கள் உள்ளன என்பதற்கு நம்பகமான கணக்கு இல்லை. 2000-ஆம் ஆண்டு ஆய்வாளர்களே இக்குறையைச் சுட்டிக்காட்டினார்கள்.

இரண்டாவது இடர்ப்பாடு, கடித்த நாய் எது என்று அறிவதில் இருக்கிறது. புளோரிடா மாநிலக் காப்பகங்களில் 120 நாய்களைக் காட்டி, கால்நடை மருத்துவர் உள்ளிட்ட ஊழியர்களை இனம் கூறச் சொன்னார்கள். பிறகு மரபணுச் சோதனை நடத்தினார்கள். சோதனையில் பிட்புல் வகை என்று தேறியவை 25 மட்டுமே. ஊழியர்கள் பிட்புல் என்று குறித்த பல நாய்களிடம் அம்மரபே இல்லை. அம்மரபு உள்ள சில நாய்களை அவர்கள் இனம் காணவும் இல்லை. 2015-இல் இம்முடிவு வெளியாயிற்று. நாள்தோறும் நாய்களோடு பழகுவோர்க்கே இந்நிலை என்றால், பதற்றத்தில் பார்த்த சாட்சியின் சொல்லை எவ்வளவு நம்புவது?

2000 முதல் 2009 வரை அமெரிக்காவில் நிகழ்ந்த 256 மரணங்களைக் காவல்துறைப் பதிவுகளுடன் ஒப்பிட்டு ஆராய்ந்தது மற்றோர் ஆய்வு. 2013-இல் வெளிவந்த இதில், நாயின் இனத்தை உறுதியாகக் கூற முடிந்தது ஏறத்தாழ 18 விழுக்காடு நிகழ்ச்சிகளில் மட்டுமே. ஆனால் வேறு சில செய்திகள் திரும்பத் திரும்ப வந்தன. 87 விழுக்காட்டில், அருகில் இருந்து தடுக்க வலுவுள்ள ஆள் எவரும் இல்லை. 84 விழுக்காட்டில், நாய்க்குக் கருத்தடை செய்யப்படவில்லை. 76 விழுக்காட்டில், நாய் மனிதரோடு கூடிப் பழகாமல் ஒதுக்கி வளர்க்கப்பட்டது.

இவ்வெண்களையும் மேற்சொன்ன எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். யாரையும் கொல்லாத நாய்களுள் எத்தனை இவ்வாறு வளர்கின்றன என்று இவ்வாய்வு ஒப்பிடவில்லை. ஆயினும் விபத்து என்பது ஒரே காரணத்தால் நேர்வதன்று, பல காரணங்கள் ஒன்றுசேரும்போது நேர்கிறது என்பது இதனால் விளங்குகிறது.

கடியும் காயமும்

இதுவரை கூறியவற்றால், 'அப்படியானால் பிட்புல் குற்றமற்றது' என்று முடிவு கட்டிவிடலாமா? அதுவும் தவறு.

டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோ நகர மருத்துவர்கள், 15 ஆண்டுகளில் நாய்க்கடிக்குச் சிகிச்சை பெற்ற 228 பேரின் பதிவேடுகளை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார்கள். 82 பேருக்கு மட்டுமே கடித்த நாயின் இனம் பதிவாகியிருந்தது. அவர்களுள் 29 பேரைக் கடித்தது பிட்புல். அந்த 29 பேரின் காயங்கள் மற்றவர்களின் காயங்களைவிடக் கடுமையாக இருந்தன, உயிரிழப்பும் மிகுதி.

இங்கேதான் வழக்கின் முடிச்சு அவிழ்கிறது. 'இந்த நாய் கடிக்குமா?' என்பது ஒரு கேள்வி. 'கடித்தால் என்ன ஆகும்?' என்பது வேறொரு கேள்வி. இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் வாதம் முடிவின்றி நீள்கிறது. சிவாவா அடிக்கடி கடிக்கலாம். ஆனால் பெரும்பாலும் கட்டுப் போடும் அளவில் முடிந்துவிடும். பிட்புல் ஒரே ஒரு முறை கடித்தாலும் உயிர் போகக்கூடும். முதற் கேள்விக்கு விடை பெரிதும் வளர்ப்பையும் சூழலையும் பொறுத்தது. இரண்டாம் கேள்விக்கு விடை, நாயின் உடல் வலிமையையும் அது கடிக்கும் முறையையும் பொறுத்தது.

வளர்ப்பின் பங்கு

அமெரிக்க அறிஞர்கள் ஸ்காட், ஃபுல்லர் இருவரும் பல்லாண்டுக் காலம் ஐந்து இன நாய்க்குட்டிகளை ஆராய்ந்து 1965-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். பிறந்த 3-ஆம் வாரம் முதல் 12-ஆம் வாரம் வரை உள்ள காலமே குட்டியின் உறவுகளை உருவாக்கும் காலம் என்று அவர்கள் கண்டார்கள். அப்போது மனிதரோடு பழகாத குட்டி, பின்னாளில் மனிதரைக் கண்டு அஞ்சுகிறது. அஞ்சும் நாயே எளிதில் கடிக்கும் நாய். சங்கிலியில் கட்டி, அடித்து, பிறர்மேல் ஏவிப் பழக்கினால் எந்த நாயும் கெடும்.

இதற்கு எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. 2007-இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக்கேல் விக், வர்ஜீனியா மாநிலத்தில் சட்ட விரோதமாக நாய்ச்சண்டை நடத்திய வழக்கில் தண்டனை பெற்றார். அங்கே மீட்கப்பட்ட பிட்புல் நாய்களுள் 49-ஐ நிபுணர்கள் தனித்தனியே சோதித்தார்கள். கட்டுக்கடங்காத வெறிக்காகக் கொல்லப்பட்டது ஒன்றே ஒன்றுதான். பலவற்றிடம் காணப்பட்டது வெறியன்று, அச்சமே. பொறுமையான பயிற்சிக்குப் பின் அவற்றுள் பல, குடும்பங்களில் வாழ்ந்தன. சண்டைக் கொட்டிலில் வளர்ந்தவற்றுக்கே இது இயன்றது என்றால், பெயரை மட்டும் பார்த்துத் தீர்ப்பளிப்பது நேர்மையாகுமா?

தடை பயன் தருமா?

நெதர்லாந்து 1993-இல் பிட்புல் நாயைத் தடை செய்தது. எதிர்பார்த்தபடி நாய்க்கடி குறையாததால் 2008-இல் அத்தடையைக் கைவிட்டது. பிரிட்டனில் தடை நீடித்தது. ஆனால் பட்டியலில் இல்லாத எக்ஸ்எல் புல்லி வந்து சேர்ந்தது. அச்சட்டப்படி ஆண் நாய் 51 சென்டிமீட்டர், பெண் நாய் 48 சென்டிமீட்டர் உயரத்திற்குக் குறையாமல் இருந்து, பிற அடையாளங்களும் பொருந்தினால் அது எக்ஸ்எல் புல்லி. அளவுகோலால் குணத்தை அளக்கும் முறையின் குறைபாடு இதில் தெரிகிறது. எனினும் அச்சட்டத்தின் விலக்கு விதிகள் பயனுள்ளவை: கருத்தடை, பொது இடத்தில் வாய்ப்பூட்டு, கையில் பிடித்த கயிறு, பிறர்க்கு நேரும் கேட்டுக்கான காப்பீடு ஆகியன கட்டாயம்.

இந்தியாவிலும் இவ்வாதம் எழுந்தது. 2024 மார்ச்சில் மத்திய கால்நடைத் துறை, பிட்புல் உள்ளிட்ட 23 இன நாய்களுக்கு உரிமம் தர வேண்டாம் என்று மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. உரியவர்களைக் கலந்து பேசாமல் வெளியிட்டது என்று கூறி, கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலில் அதைச் செல்லாததாக்கியது.

அப்படியானால் நாம் கொள்ள வேண்டிய முடிவு என்ன? பிட்புல் அரக்கனும் அன்று, ஆட்டுக்குட்டியும் அன்று. மனிதன் தன் கேளிக்கைக்காக வலிமையூட்டி உருவாக்கிய நாய் அது. அவ்வலிமையை அடக்கியாளும் பொறுப்பும் மனிதனுடையதே. பயிற்சி அளிக்க நேரமும், பாதுகாக்க இடமும், கண்காணிக்கப் பொறுமையும் இல்லாதவர் அதை வாங்கக் கூடாது. அவை இருப்பவரும், சிறு குழந்தையை எந்த நாயோடும் தனியே விட்டுச் செல்லக் கூடாது. சட்டமும் நாயின் பெயரைக் கேட்பதோடு நில்லாமல், அதன் கயிற்றைப் பிடித்திருப்பவர் யார் என்று கேட்க வேண்டும். ஏனெனில், பூட்டாத கதவும் அவிழ்ந்த சங்கிலியும் நாயின் குற்றங்கள் அல்ல.