நடக்கப் பிந்தும் குழந்தை

ஒன்றரை வயதாகியும் நடவாத குழந்தையைக் கண்டால், "சில பிள்ளைகள் பிந்தித்தான் நடக்கும்" என்று பாட்டிமார் ஆறுதல் கூறுவர். பல குழந்தைகளைப் பொறுத்தவரை அது மெய்யே. மூளை முடக்குவாதம் கண்ட குழந்தைக்கோ அவ்வாறுதல் கேடாய் முடியும்.

இக்குறைபாட்டை 1861-இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் விரித்துரைத்தார். கருவிலோ, பிறப்பிலோ, பிறந்த சிறிது காலத்திலோ மூளைக்கு நேரும் ஊறே இதற்குக் காரணம். முன்னோர் சாபமன்று, தாயின் பாவமும் அன்று. (இதனைப் பூசைக்குப் பின் எத்தனை முறை சொல்ல வேண்டியிருக்கிறது!)

பிறந்த சிசுவை அக்குளில் தாங்கி, பாதம் தரையில் படும்படி பிடித்தால், அது அடியெடுத்து வைக்கும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் அவ்வியல்பு மறையும். 1986-இல் அமெரிக்க ஆய்வாளர் எஸ்தர் தெலன், ஏழு மாதக் குழந்தைகளை மெல்ல ஓடும் பட்டையின்மேல் தாங்கிப் பிடித்தபோது, மறைந்த நடை மீண்டும் தோன்றக் கண்டார். டிரெட்மில் எனப்படும் இப்பொறியில், குழந்தையின் பாரத்தில் ஒரு பகுதியை வார்க்கச்சை தாங்கிக்கொள்ள, இயன்முறை மருத்துவர் பாதங்களை வழிநடத்துவார்.

டவுன் நோய்க்குறி உடைய குழந்தைகளுக்குப் பெற்றோரே வீட்டில் நாளொன்றுக்கு 8 நிமிடம், வாரம் 5 நாள் இப்பயிற்சி அளித்தனர். பயிற்சி பெறாதவரைவிட அவர்கள் சுமார் 101 நாள் முந்தி நடந்தனர் என்று 2001-இல் வெளியான ஆய்வு கூறிற்று. மூளை முடக்குவாதத்திற்கு அத்துணை உறுதியான சான்று இன்னும் இல்லை. நடைவேகமும் உடலியக்கமும் ஓரளவு மேம்படலாம் என்பதே ஆய்வுகள் தரும் நம்பிக்கை. ஆதலால், பொறி வாங்கினால் பிள்ளை நடந்துவிடும் என்று வாக்களிப்பவரிடம் நகையை அடகு வைத்துப் பணம் கொடாதீர்கள். இளமையிலேயே தொடங்கி நாள்தோறும் சிறிது சிறிதாய்ச் செய்யும் பயிற்சியே முதன்மையானது. அதற்குத் தாயின் மடியும் திண்ணையும் போதும், கற்பிப்பார் ஒருவர் வேண்டும்.

அத்தகையோர் நமக்குத் தொலைவில் இல்லை. தளவாய்புரத்திலிருந்து தென்காசி நோக்கிச் சென்றால் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1975-இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது அது. 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அதன் பணியாளர் ஊர்களுக்கே சென்று, இளங்குழந்தைகளின் வீட்டில் பெற்றோருக்குப் பயிற்சி கற்பிக்கின்றனர். மேலும், 2013-இல் தொடங்கிய அரசின் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட அளவில் இடையீட்டுச் சேவை மையங்களும் உள்ளன.

பெற்றோரே, நான்கு மாதமாகியும் தலை நிற்காமை, கால்கள் விறைத்துக் கத்தரிக்கோல்போல் பின்னிக்கொள்ளுதல், ஓராண்டுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துதல், ஒன்பது மாதமாகியும் உட்காராமை ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் காத்திராதீர்கள். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்வது நன்று. மருத்துவரிடம் போகாமல் நேர்ந்துகொள்வது நன்றன்று.

கப்பர்நாகூமில் முடக்குவாதக்காரனைச் சுமந்து கூரையைப் பிரித்தவர்கள் நால்வர். நம் ஊரில் நைட்டி தைத்துப் பிழைக்கும் தாய்க்கு ஒரு நாள் பயணமென்பது ஒரு நாள் கூலி இழப்பு. வின்சென்ட் தே பவுல் சபையார் அக்கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் ஏற்கலாம். அன்பியத்தார் ஒருவர் உடன் செல்லலாம். அத்தகைய குழந்தை உங்கள் தெருவில் இருந்தால், இவ்வார அன்பியக் கூட்டத்திலேயே தெரிவியுங்கள்.